பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் காதுக்கு எத்தனை மார்க்?

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாளை மார்க் வாரியாகப் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். கடமலைக்குண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தத் தாள் எதைக் கேட்கிறது, எதைக் கேட்காமலே விடுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான். அந்தக் கணக்கையும் அதிலிருந்து தோன்றியதையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

மொத்தம் 100. ஒரு மார்க் கேள்விகள் 14. ரெண்டு மார்க் கேள்விகள் பத்து, அதற்கு 20. ஐந்து மார்க் கேள்விகள் பத்து, அதற்கு 50. கடைசியில் எட்டு மார்க் கேள்வி ரெண்டு, அதற்கு 16. பாஸ் மார்க் 35.

இதில் பாடப்புத்தகத்தில் இருந்து நேராக வருவது எவ்வளவு? உரைநடைப் பத்தி, செய்யுள் பத்தி, அவற்றின் சிறு வினாக்கள், துணைப்பாடக் கதையைக் குறிப்பு வைத்து விரித்து எழுதுவது, வாக்கியங்களை வரிசைப்படுத்துவது, மனப்பாடப் பாட்டு, பாட வரியில் வரும் சொல்லுக்கு இணைச்சொல் எதிர்ச்சொல். கூட்டினால் பாதியைத் தாண்டி விடுகிறது. மிச்சத்தில் இலக்கணம், கடிதம், விளம்பரம், நோட்டீஸ், படம் பார்த்து எழுதுவது, வழிகாட்டும் மேப். மாணவர் முன்பின் பார்த்திராத ஒரு ஆங்கிலப் பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய இடம் எது என்றால், கடைசி எட்டு மார்க். சுருக்கி எழுதும் கேள்வியையும் எடுத்துக்கொண்டால் இன்னொரு ஐந்து. ஆனால் அதை விட்டுவிட்டு வேறு கேள்வியை எழுதிக்கொள்ளலாம். ஆக நூற்றுக்கு எட்டு, மிஞ்சிப்போனால் பதின்மூன்று.

கேட்டுப் புரிந்துகொள்வதற்கு? சுழியம்.

என் குறை சிலபஸ் மேலேயோ பாடப்புத்தகத்தின் மேலேயோ இல்லை. 2019-20இல் வந்த புதிய பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து பாருங்க. ஒவ்வொரு யூனிட்டிலும் கேட்டல் பகுதி இருக்கிறது. ஆசிரியர் வாசிக்க, மாணவர் கேட்டு, கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். வாசிக்க வேண்டிய பத்தி புத்தகத்தின் பின்பக்கத்தில் அச்சாகி இருக்கிறது. கியூஆர் கோடு இருக்கிறது. புத்தகம் போட்டவர்களுக்குக் கேட்டல் ஒரு திறன் என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது. வினாத்தாள் போட்டவர்களுக்கும் புத்தகம் போட்டவர்களுக்கும் நடுவில் எங்கோ அது விழுந்துபோனது. பரீட்சையில் வராத பக்கத்தை டிசம்பர் மாசத்துக்கு மேல் எந்த டீச்சரும் திறக்க மாட்டார். அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ரிசல்ட் வந்ததும் அவரைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

தமிழில் இதற்கு ஒரு வேடிக்கை இருக்கிறது. 'படி' என்ற ஒரே சொல்லை வாசிப்பதற்கும் சொல்கிறோம், உட்கார்ந்து உருப்போடுவதற்கும் சொல்கிறோம். "புள்ள படிக்குது" என்றால் எந்தப் படிப்பு என்று யாரும் கேட்பதில்லை. அதேபோல 'கேள்வி'. திருக்குறளில் 42ஆவது அதிகாரத்தின் பெயர் கேள்வி. அங்கே அதற்குப் பொருள், காதால் கேட்டு அறிவு பெறுவது. இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் கேள்வி என்றால் வினாத்தாளில் நம்பர் போட்டு இருப்பது மட்டும்தான்.

முன்னாடி பிளஸ் டூவில் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. மொழிப்பாடங்கள் ரெண்டு ரெண்டு தாளாக இருந்த காலத்தில், இரண்டாம் தாளில் எழுத்துக்கு 80, கேட்டல் பேசுதலுக்கு 20 என்று பிரித்திருந்தார்கள். அந்த 20ஐப் பள்ளியே போட்டுக் கொடுத்துவிடும். பள்ளி போடும் மார்க் என்றாலே நம் ஊரில் கை தாராளம் என்பது எல்லாருக்கும் தெரியும். பிறகு ரெண்டு தாளும் ஒன்றானது. இப்போது பிளஸ் டூ ஆங்கிலத்தில் எழுத்துக்கு 90, அகமதிப்பீடு 10. அந்தப் பத்துக்குள் வருகைப் பதிவுக்கு மார்க் உண்டு, அசைன்மெண்டுக்கு உண்டு. கேட்டலுக்கென்று தனியாக எதுவும் இல்லை. அதாவது வகுப்பில் வந்து உட்கார்ந்தால் மார்க். உட்கார்ந்தவன் காதில் என்ன விழுந்தது என்பதற்கு மார்க் இல்லை.

சரி, வாசிப்புக்காவது அந்த எட்டு மார்க் இருக்கிறதே என்று ஆறுதல் படலாமா? அதையும் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். கீழே ரெண்டு வரி எழுதுகிறேன். எல்லாம் நானாக உண்டாக்கிய அர்த்தமில்லாத சொற்கள்.

சிம்பளவன் கொடிவாக்கில் முறுந்திக்கொண்டிருந்தான். அவன் குமிலையை ஓரவியதும் பல்லாடு சிணிந்தது.

கேள்வி 1: சிம்பளவன் எங்கே முறுந்திக்கொண்டிருந்தான்? கேள்வி 2: பல்லாடு எப்போது சிணிந்தது?

கொடிவாக்கில். குமிலையை ஓரவியதும். நாலு மார்க் வாங்கிவிட்டீர்கள். சிம்பளவன் ஆளா மாடா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நம் பிள்ளைகள் ஆங்கிலப் பத்தியில் செய்வது கிட்டத்தட்ட இதுதான். கேள்வியில் இருக்கும் ஒரு சொல்லைப் பத்தியில் தேடு, அது இருக்கும் வரியை அப்படியே எடுத்து எழுது. இந்த வித்தையை அவர்களாகக் கண்டுபிடிக்கவில்லை, நாம்தான் சொல்லிக் கொடுக்கிறோம். மெல்லக் கற்போருக்கென்று ஒவ்வொரு வருஷமும் சுற்றுக்கு வரும் மினிமம் மெட்டீரியல்களின் அடிப்படையே இதுதான். எந்தப் படம் வந்தாலும் பொருந்துகிற மாதிரி ஐந்து வரி: படம் அழகாக இருக்கிறது, எனக்குப் பிடித்திருக்கிறது, இயற்கையைக் காக்க வேண்டும். எந்த மேப் வந்தாலும் நேராகப் போ, இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் இருக்கும். விலாசமும் வணக்கமும் மட்டும் மாறாத கடிதம் ஒன்று. மனப்பாடப் பாட்டு ஒன்று. இப்படிக் கூட்டினால் முப்பத்தைந்து தேறும்.

இந்த மெட்டீரியல்களைக் கேவலமாகப் பேச எனக்கு மனசு வராது. வருசநாட்டு மலையடிவாரத்தில் இருந்து பஸ் ஏறி வரும் ஒரு பிள்ளைக்கு, ஆங்கிலத்தில் தோற்றுப் படிப்பை நிறுத்துவதற்கும் பிளஸ் ஒன் சேருவதற்கும் இடையில் இருப்பது அந்த ஐந்து வரிதான் என்றால், அந்த ஐந்து வரியை எழுதிக் கொடுத்த டீச்சர் பெரிய காரியம் செய்திருக்கிறார். பொம்பளைப் பிள்ளை என்றால் இன்னும். தோற்றால் வீட்டில் அடுத்து என்ன பேச்சு எடுப்பார்கள் என்று எங்க பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். என் குறை வேறு. கரையேறுவதற்குப் போட்ட பலகை அது. அதையே ஊருக்குப் பாலம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். எழுபது எண்பது வாங்கக்கூடிய பிள்ளையும் அதே பலகையில்தான் நடக்கிறது.

விளைவு எப்போது தெரியும்? பரீட்சையில் தெரியாது. தேனியிலோ மதுரையிலோ கோயம்புத்தூரிலோ கல்லூரியில் போய் உட்காரும் முதல் வாரத்தில் தெரியும். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிக்கல் ரெண்டையும் தமிழ் வழியில் தொடங்கியது உண்மை. ஆனால் பெரும்பாலான பொறியியல், நர்சிங், பாராமெடிக்கல் வகுப்புகள் ஆங்கிலத்தில்தான். அங்கே முதல் சோதனை எழுத்தில் வராது, காதில்தான் வரும். நிமிஷத்துக்கு நூறு சொல்லுக்கு மேல் ஓடும் பேச்சைப் பிடித்து நோட்டில் இறக்க வேண்டும். பத்து வருஷம் ஆங்கிலத்தைக் கண்ணால் மட்டும் பார்த்த பிள்ளைக்கு அது ஒரு இரைச்சல். "எனக்கு இங்கிலீஷ் வராது" என்று அது தன்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. வராமல் இல்லை, யாரும் கேட்க வைக்கவில்லை, அவ்வளவுதான்.

தமிழ்க் காதுக்கு ஆங்கிலத்தில் சில இடங்கள் இயல்பாகவே கஷ்டம். எங்க பக்கத்துப் பிள்ளைகள் ஆங்கில வரிக்கு மேலே பென்சிலால் தமிழில் உச்சரிப்பை எழுதி வைத்துப் படிப்பார்கள். தமிழில் ப என்ற ஒரே எழுத்துக்குள் ஆங்கிலத்தின் ரெண்டு மூன்று ஒலிகள் அடங்கிவிடும். ட-வும் அப்படியே. 'பேட்' என்று எழுதி வைத்தால் அது கிரிக்கெட் மட்டையா, கெட்டதா, பரீட்சை அட்டையா? 'பாத்' என்றால் குளியலா, பாதையா? எழுத்தைப் பார்த்தால் தெரியும். காதால் மட்டும் கேட்டால் பிரித்தறியப் பழகியிருக்க வேண்டும். எண்களில் இது இன்னும் மோசம். பதின்மூன்றும் முப்பதும், பதினைந்தும் ஐம்பதும் ஆங்கிலத்தில் எங்கே அழுத்துகிறார்கள் என்பதை வைத்துத்தான் பிரியும். மாத்திரை எத்தனை மில்லிகிராம் என்று ஒருவர் சொல்ல இன்னொருவர் குறித்துக்கொள்ளும் இடத்தில் பதினைந்தும் ஐம்பதும் ஒன்றல்ல. நம் ஊர்ப் பிள்ளைகள் நர்சிங்குக்கு நிறையப் போகிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரிப் பயிற்சிக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு ஆள் சொல்ல வேண்டும், பத்துப் பேர் கேட்டு எழுத வேண்டும்.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்? ஜப்பானின் பல்கலைக்கழக நுழைவுக்கான பொதுத்தேர்வில் 2006இல் கேட்டலைச் சேர்த்தார்கள். ஆள் ஆளுக்குக் கையடக்கமான ஒலிக்கருவி கொடுத்து நடத்தினார்கள். 2021இல் இருந்து வாசிப்புக்கு 100, கேட்டலுக்கு 100 என்று சரிபாதி ஆக்கிவிட்டார்கள். தென்கொரியாவில் கல்லூரி நுழைவுத் தேர்வின் ஆங்கிலப் பகுதியில் 45 கேள்வியில் 17 கேட்டல். அந்த நேரத்தில் நாடு முழுக்க விமானம் ஏறுவதையும் இறங்குவதையும் நிறுத்தி வைக்கிறார்கள். இங்கே சிபிஎஸ்இ பிளஸ் டூ ஆங்கிலத்தில் கேட்டல் பேசுதலுக்கு 10 மார்க் இருக்கிறது, பள்ளி அளவில் நடத்திக்கொள்வது.

இதைப் படித்ததும் ஒரு ஆட்சேபம் வரும், வர வேண்டும். "மெட்ராஸ்ல இருக்கிற கான்வென்ட் பிள்ளைக்கும் மயிலாடும்பாறைப் பிள்ளைக்கும் ஒரே கேட்டல் தேர்வு வெச்சா யாரு தோப்பா?" நியாயமான கேள்வி. வீட்டில் ஆங்கிலம் புழங்கும் பிள்ளைக்கு அது சும்மா கிடைக்கும் மார்க். கரண்ட் போனால் என்ன, ஸ்பீக்கர் கொரகொரத்தால் என்ன, பின் பெஞ்சுக்குக் கேட்கவில்லை என்றால் என்ன என்று நூறு பிரச்சினை. கொரியாவில் விமானத்தை நிறுத்தலாம். நம் ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கோயில் திருவிழா ரேடியோ செட்டை நிறுத்த முடியுமா?

ஆனால் இந்த ஆட்சேபம் கேட்டல் தேர்வை எப்படி வைப்பது என்பதற்குத்தான் பொருந்தும். கேட்டலே வேண்டாம் என்பதற்குப் பொருந்தாது. வீட்டில் ஆங்கிலம் புழங்கும் பிள்ளைக்குப் பள்ளியில் கேட்டல் பயிற்சி இல்லாவிட்டால் நஷ்டம் எதுவும் இல்லை. வேறு எங்கேயும் ஆங்கிலம் காதில் விழ வாய்ப்பில்லாத பிள்ளைக்குத்தான் பள்ளி ஒரே இடம். சமத்துவம் பேசி அந்த ஒரே இடத்தையும் மூடினால், வித்தியாசம் பரீட்சை ஹாலில் தெரியாமல் கல்லூரியில் தெரியும். அப்போது அதைத் தனி ஆளின் தோல்வியாக எழுதிவிடுவார்கள்.

என் யோசனை இவ்வளவுதான். பத்தாம் வகுப்பில் ஒரு பத்து மார்க் கேட்டலுக்கு. ஒலிப்பதிவு வேண்டாம், வகுப்பில் வந்து நிற்கும் டீச்சர், பக்கத்துப் பள்ளி டீச்சராக இருந்தால் நல்லது, ஒரு பத்தியை ரெண்டு தடவை வாசிப்பார். பிள்ளைகளுக்குப் பழகிய உச்சரிப்பு, எந்த ஊர் ஆங்கிலமோ அந்த ஆங்கிலம். பத்தி பாடப்புத்தகத்தில் இருக்கக் கூடாது. பாஸ் மார்க்குக்கு அது கட்டாயமாக இருக்கக் கூடாது. கூடக் கிடைக்கும் மார்க்காக இருக்கட்டும். வாசிப்பிலும் அந்த எட்டை இருபதாக்கி, வரியை எடுத்து எழுத முடியாத கேள்வியாகப் பாதியை வைக்க வேண்டும். இந்தப் பத்தியை எழுதியவருக்கு அந்த ஆளைப் பிடித்திருக்கிறதா, இல்லையா? மூன்றாம் வரியில் 'அவன்' என்பது யார்? பதிலைத் தமிழில் எழுதினாலும் பாதி மார்க் கொடுக்கலாம் என்பேன். புரிந்ததா என்பதுதானே கேள்வி, புரிந்ததை எந்த மொழியில் சொன்னால் என்ன. சிம்பளவன் கதையில் இந்த மாதிரிக் கேள்வி கேட்டால் நீங்களும் நானும் முழிப்போம். நல்ல கேள்விக்கு அதுதான் அடையாளம்.

அரசு மாறும் வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. ஒரு வகுப்பில் பத்து நிமிஷத்தில் செய்யக்கூடியவை உண்டு. அஞ்சாம் வகுப்போடு நாம் கைவிட்ட சொல்வதெழுதலை மறுபடி எடுக்கலாம். சொல் சொல்லாக இல்லாமல், முழு வாக்கியமாக. முதல் தடவை வாசிக்கும்போது பேனாவைத் தொடக் கூடாது. ரெண்டாம் தடவை காதில் விழுந்த பெயரையும் எண்ணையும் மட்டும் குறிக்கணும். மூன்றாம் தடவை பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து முழு வாக்கியத்தை ஒப்பேற்றணும். பத்தி புத்தகத்தின் பின்பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

வாசிப்புக்கு வீட்டிலேயே சரக்கு கிடக்கிறது. எங்க பக்கம் தென்னையும் இலவமரமும் வைத்திருக்கும் வீட்டில் பூச்சிமருந்து டப்பா இல்லாமல் இருக்காது. அதில் ஒரு சாய்சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதியின் நிறம் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று விஷத்தின் கடுமையைச் சொல்லும். பக்கத்தில் பொடி எழுத்தில் ஆங்கில வாசகம். பதினைந்து வயசுப் பிள்ளை அதை வாசித்து அப்பாவுக்குச் சொல்ல முடிந்தால், அதுதான் நான் கேட்கும் வாசிப்பு. 2022இல் தேனிக்கு மறுபடி ரயில் வந்தது, அடுத்த வருஷம் போடி வரைக்கும் நீண்டது. ஸ்டேஷனில் தமிழில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை அறிவிப்பு வரும். தமிழில் கேட்டுவிட்டு அதையே ஆங்கிலத்தில் கேட்பது காசில்லாத பாடம். பிளஸ் டூ ஆங்கிலப் புத்தகத்தில் கி.ராஜநாராயணனின் நாற்காலி கதை மொழிபெயர்ப்பாக இருக்கிறது. கைடு வாங்குவதற்கு முன் தமிழ் மூலத்தை ஒருமுறை படித்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போனால், தெரியாத சொல் கதைக்குள்ளேயே தன்னை விளக்கிக்கொள்ளும். இடைசெவல் கதைக்கு நமக்கு எதுக்குங்க கைடு?

கடைசியாக, பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கும் இன்னொரு கதையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அல்போன்ஸ் தோதே எழுதிய பிரெஞ்சுக் கதை, கடைசிப் பாடம். 1870-71 போரில் பிரஷ்யாவிடம் தோற்ற பிறகு அல்சாஸில் இனிமேல் ஜெர்மன் மட்டுமே சொல்லித்தர வேண்டும் என்று உத்தரவு வருகிறது. ஹாமெல் வாத்தியார் கடைசி முறையாக பிரெஞ்சுப் பாடம் எடுக்கிறார். பிரான்ஸ் என்ற பையன் அன்றைக்கு ஒப்பிக்கச் சொன்ன இலக்கணத்தைச் சொல்லத் தெரியாமல் திணறுகிறான். வாத்தியார் திட்டவில்லை. பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிய பெற்றோர், தோட்டத்துக்குத் தண்ணி ஊற்ற அவர்களை அனுப்பிய தான், எல்லார் மேலேயும் குற்றம் இருக்கிறது என்கிறார். அதற்குப் பிறகு அவர் பாடம் நடத்தும்போது பையனுக்கு எல்லாமே புரிகிறது. இத்தனை கவனமாக அவன் அதற்கு முன் கேட்டதே இல்லை. அதுதான் காரணம் என்று அவனே நினைத்துக்கொள்கிறான்.

ஒப்பிக்கத் தெரியாத பையனுக்குக் கேட்டதும் புரிந்தது என்பது கதையின் நடுமுடிச்சு. நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதை ஐந்து மார்க் பத்தி. நூறு சொல். மேற்கோள் குறி, முன்னுரை, முடிவுரை எல்லாம் போட்டு கைடில் இருக்கிறது. அதை உருப்போட்டு, பிசகாமல் எழுதி, ஐந்துக்கு ஐந்து வாங்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். கதையை யாராவது ஒரு தடவை சத்தமாக வாசித்துக் காட்டினார்களா என்று கேட்டால், பரீட்சைக்கு நேரம் இல்லை என்பார்கள். முழுக்கதையையும் நிதானமாக வாசிக்க இருபது நிமிஷம் ஆகும். ஒரு பீரியடில் பாதி.